ஆறு நாளில் மூடிய மதகு

அக்டோபர் பதினைந்தாம் தேதிதான் வெர்லா ஹாஸ்கின்ஸுக்குத் திருநாள். கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் அப்படி நாள் எண்ணிக் காத்திருந்ததில்லை. அன்று காலை எட்டு மணிக்குக் காட்ரன் ஆற்றின் தலைமதகில் ஏறி நின்று, இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அறுபது சுற்று சுற்றுவாள். நாற்பது நிமிஷ வேலை. ஷட்டர் அடிக்கல்லில் போய் உட்காருகிற சத்தம் கேட்டதும் அந்த வருஷத்துப் பாசனம் முடிந்தது. மேட்டு வாய்க்காலில் இனி ஏப்ரல் வரை தண்ணீர் கிடையாது. பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நேரே டிரக்குக்குப் போவாள். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் நுழைந்து, தூண்டில் கோலை இணைத்து, பத்து மணிக்குள் ஆற்றில் தொடையளவு ஆழத்தில் நிற்பாள். பத்தொன்பது வருஷமாக இதில் ஒரு மாற்றமும் இல்லை.

அவள் அந்த வாய்க்காலின் நீர்க்கட்டி. பதினோரு மைல் வாய்க்கால், இருபத்திரண்டு பண்ணை. யாருக்கு எந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று அளந்து விடுவதும், மடையைத் திறப்பதும் அடைப்பதும், கம்பி வலையில் சிக்குகிற குப்பையை வாருவதும் அவள் பொறுப்பு. அதற்கு முன்னால் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பழைய நீர்க்கட்டி மூட்டுவலி தாங்காமல் மகள் வீட்டோடு போய்விட்டபோது அந்த வேலைக்கு ஒருத்தரும் மனுப் போடவில்லை. ஜூலை வெயிலில், குதிரைமசால் தீவனப்பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு விவசாயிகள் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நடுவே போய் நிற்க யாருக்கு ஆசை வரும்? வெர்லாவுக்கு வந்தது. வாய்க்கால் சங்கத்துத் தலைவர் டாய்ல் மக்ரூடர் மனுவைப் பார்த்துச் சிரித்தார்.

"பஸ்ஸுல பிள்ளைங்கள மேய்க்கிற மாதிரி இல்லம்மா இது."

"பிள்ளைங்க கடிக்கும் டாய்ல். உங்க ஆளுங்க கத்த மட்டும்தானே செய்வாங்க?"

முதல் கோடையிலேயே ஒரு பண்ணைக்காரர் தன் முறை இல்லாத நாளில் மடையைத் திறந்து வைத்திருந்தார். வெர்லா சண்டை போடவில்லை. மடைப் பலகையைக் கழற்றி டிரக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து நாள் கழித்து அவர் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி பலகையைக் கேட்டு வாங்கிப் போனார். அதற்கப்புறம் யாரும் அவளிடம் வாலாட்டியதில்லை.

தூண்டில் பழக்கம் அதே வருஷம் தொற்றியது. மதகை மூடிவிட்டுக் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவள், ஆற்றில் ஒருவர் நின்று நீளமான கோலால் தூண்டில் நரம்பைக் காற்றில் சுழற்றி வீசுவதைப் பார்த்தாள். கொஞ்சம் கொடுங்கள், நானும் வீசிப் பார்க்கிறேன் என்றாள். முதல் வீச்சில் அவருடைய தொப்பி ஆற்றோடு போயிற்று. ஆனால் ஆசை போகவில்லை. மூன்று இலையுதிர் காலம் ஒரு மீனும் கிடைக்காமல் நின்றாள். நான்காவது வருஷம்தான் முதல் ஸ்டீல்ஹெட் அவள் தூண்டிலைத் தொட்டது. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றைத் தேடி நானூறு மைல் ஏறி வருகிற மீன் அது. ஒரு பருவத்தில் நாலு கிடைத்தால் அந்த வருஷம் நல்ல வருஷம்.

அவள் கணவன் ஹார்லன், மரம் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அவனுக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை.

"நாள் பூரா தண்ணியில நின்னுட்டு வெறுங்கையோட வர்றதுக்கு ஆத்துக்கு எதுக்குப் போகணும்? நம்ம வீட்டு சிங்க்லயே நில்லேன். பாத்திரமாச்சும் தேயும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, வெர்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயதான அந்த வருஷம் வரை.

அன்றும் எட்டு மணிக்கு மதகை மூடினாள். ஒன்பதரைக்கு ஆற்றில் இறங்கினாள். தலைமதகுக்குக் கால் மைல் கீழே ஆறு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பி நீளமாக ஓடும். அதுதான் அவள் இடம். கறுப்பும் ஊதாவுமாக இறகு சுற்றித் தானே கட்டிய பொய்ப்பூச்சியை ஆற்றுக்குக் குறுக்கே வீசினாள். நீரோட்டம் அதை வில்லாக வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு எட்டு கீழே நகர்ந்தாள். மறுபடி வீசினாள். மறுபடி இரண்டு எட்டு. கரையில் பாப்லார் மரங்கள் மஞ்சளாக நின்றன. முன்தினம் மழை பெய்திருந்ததால் தண்ணீர் லேசாகக் கலங்கி, அவளுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் ஓடியது.

பதினொரு மணிவாக்கில் ஒரு மீன் கவ்வியது. வழக்கமாக ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டு யோசிக்கும். இது யோசிக்கவில்லை. கோலைக் கையோடு பிடுங்குவதுபோல் இழுத்தது. சக்கரம் கிறீச்சிட்டு நரம்பு ஓடியது. மீன் ஆற்றின் நடுவில் ஒரு முறை முழு நீளத்துக்கு எழும்பி விழுந்தது. வெர்லா, "ஐயோ, ஐயோ, மெதுவா, மெதுவா" என்று மீனிடமே கெஞ்சியபடி கரையோரமாகப் பின்தொடர்ந்தாள். கால் மணி நேரம் கழித்து அது பக்கவாட்டில் சாய்ந்து அவள் காலடிக்கு வந்தது. முழங்கை நீளத்துக்கும் மேலே இருக்கும். வெள்ளி உடம்பில் இளஞ்சிவப்புக் கோடு. முதுகின் கடைசியில் சின்னத் துடுப்பு வெட்டுப்படாமல் இருந்தது. பண்ணையில் பொரித்து விடுகிற குஞ்சுகளுக்கு அதை நறுக்கிவிடுவார்கள்; இது ஆற்றிலேயே பிறந்தது. அதை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். வயிற்றுக்கு மேலே ஒரு வட்டத் தழும்பு இருந்தது, காசை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி. கடலில் ஏதோ ஒரு விலாங்கு ஒட்டி உறிஞ்சிய இடம். 'ரத்தம் உறிஞ்சி' என்பார்கள் அதை ஊரில். அவளுக்கும் அதன்மேல் நல்ல எண்ணம் இருந்ததில்லை.

பொய்ப்பூச்சியைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டாள். அது மூச்சு வாங்கித் தெம்பு வந்ததும் வாலை ஒரு தட்டுத் தட்டிப் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் காலை எடுத்து வைத்தவள் ஒரு பெரிய கல்லைப் புரட்டிவிட்டாள். அடியிலிருந்து கறுப்பாக, கை நீளத்தில் ஒன்று வழுக்கி வந்து அவள் முழங்காலில் 'சப்' என்று ஒட்டிக்கொண்டது. ரப்பருக்கு மேலேதான். ஆனாலும் வெர்லா போட்ட கூச்சலில் எதிர்க்கரையில் மாடு தலை தூக்கிப் பார்த்தது.

"கடிக்காதுங்க, பயப்படாதீங்க!"

கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை சேறு. கையில் பிளாஸ்டிக் வாளி.

"எடுத்து விடுங்க முதல்ல! ரத்தத்த உறிஞ்சப் போகுது!"

"ஆத்துக்கு வந்த பிறகு அது எதையும் தின்னாது. வசந்தம் வரைக்கும் பட்டினிதான். ஓட்டத்துல அடிச்சுட்டுப் போகாம இருக்க எதையாவது பிடிச்சுக்கும். கல்லுன்னு நெனச்சு உங்களப் பிடிச்சிருக்கு." அவள் இறங்கி வந்து, விரலை அதன் வாயோரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பி எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இந்த ஆத்துல ஒண்ண நான் பார்த்து நாலஞ்சு வருஷமாச்சு."

கல்லைப் பழையபடி சாய்த்து அதன் அடியில் விட்டாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க ஒரு பெரிய மீனைப் பிடிச்சு விட்டதயும் பார்த்தேன். இவ்வளவு நேரம் குளிர் தண்ணியில நின்னு பிடிச்சு, அப்புறம் விட்டுடுவீங்களா? உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்றாள்.

வெர்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "என் புருஷன் கேக்கற கேள்வி."

அவள் பெயர் லெனோரா ஜிம். யூமடில்லா பழங்குடி. அவர்களுடைய மீன்வளத் துறையில் வேலை. வாய்க்கால் நீர்க்கட்டியைத் தேடித்தான் வந்திருந்தாள்.

"நான்தான் நீர்க்கட்டி" என்றாள் வெர்லா.

லெனோராவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "அப்ப காலையில மூடினது நீங்களா? மூடற தேதியச் சொல்லச் சொல்லி ஆகஸ்டுலயே உங்க சங்கத்துக்கு லெட்டர் போட்டேனே."

"எனக்கு எந்த லெட்டரும் வரல."

"வாங்க, ஒண்ணு காட்டறேன்."

இருவரும் மேட்டில் ஏறி வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். தண்ணீர் நடுவில் ஓர் ஓடையாக ஒடுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வழவழப்பான சேறு வெயிலில் மின்னியது. கரை நெடுக அண்டங்காக்கைகளும் நாரைகளும் விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்றன. வெர்லாவுக்கு அது புதிதில்லை. மதகை மூடுகிற நாளில் அவை வரும். மண்புழுவுக்கு என்று நினைத்திருந்தாள். இறங்கிப் பார்க்க என்றைக்கும் அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

லெனோரா குனிந்து சேற்றைத் தொட்டுக் காட்டினாள். சேறு நெளிந்தது. பென்சில் அளவில், தீக்குச்சி அளவில், பழுப்பாக, கண்ணில்லாமல், ஒன்றல்ல இரண்டல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவை சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து துடித்தன. வெயில் பட்ட சில ஏற்கெனவே அசைவற்றுக் கிடந்தன.

"இதெல்லாம் விலாங்குக் குஞ்சு. நீங்க கால்ல பார்த்தீங்களே, அதோட பிள்ளைங்க. ஆத்துச் சேத்துக்குள்ள அஞ்சாறு வருஷம் இப்படியே கிடந்து வளரும். கோடையில தண்ணியோட தண்ணியா உங்க மதகு வழியா வந்துடுது. இங்க சேறு நல்லா இருக்கு, தங்கிடுது. அக்டோபர்ல தண்ணி நின்னு போகுது."

வெர்லா சேற்றைப் பார்த்தபடி, "வருஷா வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருஷா வருஷம்."

"நான் பத்தொன்பது தடவ மூடியிருக்கேன்."

லெனோரா வாளியை அவளிடம் நீட்டினாள்.

வெர்லா வாளியை வாங்கவில்லை. திரும்பித் தலைமதகை நோக்கி ஓடினாள். ரப்பர் கால்சட்டையோடு ஓடுவது லேசில்லை. பூட்டைத் திறந்து சக்கரத்தை எட்டுச் சுற்றுத் திறந்தாள். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கியது. அப்புறம் டிரக்கை எடுத்துக்கொண்டு மூன்றாவது மைலில் இருக்கும் வடிமதகுக்குப் போய் அதை முழுக்கத் திறந்துவிட்டாள். அந்த வழியாக வாய்க்கால் தண்ணீர் கீழே ஆற்றுக்கே திரும்பிவிடும். அதற்கப்புறம்தான் வந்து வாளியைக் கையில் எடுத்தாள்.

தண்ணீர் வந்தும் கரையோரச் சேற்றில் சிக்கியவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டியிருந்தது. காக்கைகள் இரண்டடி தள்ளி நின்று முறைத்தன. வெர்லா ஒரு மண்கட்டியை எடுத்து அவற்றின் மேல் எறிந்தாள். இரண்டு மணி இருக்கும்போது டாய்ல் மக்ரூடரின் டிரக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தாமலே இறங்கினார்.

"வெர்லா! என்ன கூத்து இது? கடைமடையில தூர் வார்ற மிஷின் காலையிலேர்ந்து நிக்குது. இப்ப போன் பண்ணி, மேல தண்ணி வருதாமே, இறங்கலாமா வேண்டாமான்னு கேக்கறான். மூடின மதகத் தொறக்கச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் தொறந்தேன்."

"எதுக்கு?"

அவள் வாளியைத் தூக்கிக் காட்டினாள். டாய்ல் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "புழுவுக்கா?"

"அது புழு இல்ல. ஆகஸ்டுல உங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சா?"

டாய்ல் லெனோராவைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். "ஏதோ வந்துச்சு. டிராயர்ல கிடக்கும்."

"டாய்ல், இந்தச் சக்கரத்தச் சுத்தினது நான். இத்தன வருஷம் என் கையால சுத்தியிருக்கேன். தெரியாம செஞ்சது வேற. இப்பத் தெரிஞ்சுபோச்சு. மறுபடி மூடணும்னா நீங்க வேற ஆளப் பாருங்க. சாவி இந்தா இருக்கு."

சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். டாய்ல் அதைத் தொடவில்லை. இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரி, மிஷினுக்கு நான் என்ன சொல்றது?" என்றார், சுருதி இறங்கி.

"கடைமடையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. மூணாவது மைல்லயே தண்ணிய ஆத்துக்குத் திருப்பிட்டேன், அதனால கீழ காஞ்சுதான் கிடக்கும். சேறெல்லாம் தங்கறது இந்த மேல் மூணு மைல்லதான். மிஷின் இங்க வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள நாங்க கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பொறுக்கிடுவோம்."

டாய்ல் மோவாயைச் சொறிந்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல். "பொறுக்குங்க, பொறுக்குங்க" என்று முணுமுணுத்தபடி டிரக்கில் ஏறினார். போகிறபோக்கில் ஜன்னலைத் திறந்து லெனோராவிடம், "லெட்டருக்கு மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"இன்னொண்ணு எழுதறேன். இந்தத் தடவ இவங்க விலாசத்துக்கு" என்றாள் லெனோரா.

அன்று மாலை ஹார்லன் மாமிசமும் உருளைக்கிழங்கும் வேக வைத்துக் காத்திருந்தான். வெர்லா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மீன் கிடைக்கலையா?"

"கிடைச்சுது."

"அப்புறம் ஏன் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்க?"

அவள் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு ஹார்லன் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தி, "தெரிஞ்சா செஞ்ச?" என்றான்.

"குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவ குனிஞ்சு பார்த்திருக்கலாம். எனக்கு ஆத்துக்குப் போற அவசரம்."

"நாளைக்கு எத்தன வாளி வேணும்?"

"என்ன?"

"கடையில பழைய பெயிண்ட் வாளி நெறையக் கிடக்கு. கழுவித் தர்றேன். சாப்பிடு முதல்ல. சாப்பிடாம அங்க போய் மயங்கி விழுந்தா அந்த வாளியில உன்னையும்தான் அள்ளிட்டு வரணும்."

நான்கு நாள் அள்ளினார்கள். லெனோராவோடு வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர், வெர்லா, மூன்றாம் நாளிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு ஹார்லன். லெனோரா காலையில் வந்து ஒரு கருவியின் முனையைச் சேற்றில் வைப்பாள். லேசான மின்சாரம் பட்டதும் உள்ளே இருப்பவை மேலே வரும். வெர்லா தினமும் சக்கரத்தை இரண்டு சுற்றுக் குறைப்பாள். தண்ணீர் மெல்ல இறங்க இறங்க, நிறையக் குஞ்சுகள் தாமாகவே அதோடு நகர்ந்து வடிமதகு வழியாக ஆற்றுக்குப் போய்விட்டன. கையால் எடுத்தவை மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் என்று லெனோரா எண்ணி எழுதிக்கொண்டாள்.

மதிய ரொட்டியைக் கரையில் உட்கார்ந்து தின்னும்போதுதான் பேச்சு. மூன்றாம் நாளிலேயே 'வாங்க போங்க' காணாமல் போயிருந்தது.

"எங்க பாஷையில இதுக்குக் கசூயாஸ்னு பேரு" என்றாள் லெனோரா. "இங்கிலீஷ்ல நாங்களும் விலாங்குன்னுதான் சொல்றோம். நெசத்துல விலாங்கு வேற சாதி. இது அதவிடப் பழசு."

"என் மீன் மேல ஒட்டி ரத்தம் குடிக்குதே, அது?"

"கடல்ல குடிக்கும். அதுக்கும் வயிறு இருக்குல்ல? ஆனா ஒண்ணு தெரியுமா? ஆத்து முகத்துல கடல்சிங்கம் காத்துக்கிட்டு நிக்கும். கொழுப்பு ஜாஸ்தின்னு அதுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். இது நெறைய வந்த காலத்துல உன் மீன் பக்கத்துலயே நழுவிப் போயிடும். இது கொறஞ்சுது, கடல்சிங்கம் உன் மீன் பக்கம் திரும்பிடுச்சு."

வெர்லா ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள்.

"இன்னொண்ணும் கேளு. உன் மீன் பொறந்த ஆத்துக்கே திரும்பி வரும். இது அப்படி இல்ல. எந்த ஆத்துச் சேத்துல குஞ்சுங்க இருக்கோ, அந்த வாசனையப் பிடிச்சுக்கிட்டு வரும். குஞ்சு இல்லாத ஆத்துக்குப் பெருசு வராது."

"அப்ப நான் வருஷா வருஷம்..." என்று ஆரம்பித்த வெர்லா முடிக்கவில்லை.

"நீ மட்டும் இல்ல. கீழ அணைங்க இருக்கு, பூச்சிமருந்து இருக்கு, இன்னும் நாப்பது வாய்க்கால் இருக்கு. எல்லாத்தயும் உன் தலையில தூக்கி வச்சுக்காத. உன் தலை அவ்வளவு பெருசு இல்ல."

பிப்ரவரியில் சங்கத்துக் கூட்டம். வருஷா வருஷம் ஒரே நாளில் மூடுகிற மதகை இனி ஆறு நாளாக, நாளுக்குப் பத்துச் சுற்றாக மூட வேண்டும் என்று வெர்லா கேட்டாள். அவள் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். காகிதத்தில் எழுதி வைத்திருந்ததை வேகமாகப் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் ஒருவர், "ஆறு நாள் சம்பளம் கேக்கறியா?" என்றார். சிரிப்பு எழுந்தது.

"வேண்டாம். அந்த அஞ்சு நாளும் நான் மீன் பிடிக்கிற நாள். அதுலேர்ந்துதான் எடுத்துத் தர்றேன்."

வெர்லாவின் தூண்டில் பைத்தியம் ஊருக்கே தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. டாய்ல்தான் முதலில் கையைத் தூக்கினார். தூக்கியவர் சுற்றிப் பார்த்து, "என்ன பார்க்கறீங்க? கை வலிக்குது, சீக்கிரம் தூக்குங்க" என்றார். பதினான்கு கைகள் எழுந்தன. அது போதுமானதாக இருந்தது.

அந்த அக்டோபரிலிருந்து வெர்லாவின் திருநாள் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு கரையிலும் மூன்று மைல் நடப்பாள். தனித்து நிற்கும் குட்டைகளைப் பார்த்தால் மண்வெட்டியால் கீறி ஓட்டத்தோடு சேர்த்துவிடுவாள். கீழே பாறைத் திருப்பத்தில் ஆறு பச்சையாக ஓடுவது கண்ணில் படும். கை நமநமவென்று இருக்கும். முதல் வருஷம் அவளுக்குப் பொறுக்கவே முடியவில்லை. ஆறாம் நாள் மதகு உட்கார்ந்த சத்தம் கேட்டதும் கிட்டத்தட்ட ஓடினாள். அந்தப் பருவம் முழுவதற்கும் ஒரு மீன்தான் கிடைத்தது. அடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. ஹார்லன் அந்த வருஷம் அவளைக் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யாதது அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

குஞ்சுகளின் எண்ணிக்கையும் உடனே கூடிவிடவில்லை. மூன்றாம் வருஷம் குறைந்துகூடப் போயிற்று. "நாம செஞ்சது வீண்தானோ?" என்று வெர்லா கேட்டாள்.

"கடலுக்குப் போய் வரணுமில்ல? பஸ் மாதிரி நேரத்துக்கு வருமா?" என்றாள் லெனோரா. அவளுடைய ஆட்கள் கீழே பெரிய அருவியில் பிடித்த பெரிய விலாங்குகளைத் தொட்டிகளில் கொண்டுவந்து, காட்ரனின் மேலாற்றில், மதகுக்கு இருபது மைலுக்கு மேலே, இரண்டு வசந்தங்களில் விட்டிருந்தார்கள். அவை அங்கே முட்டையிட்டுச் செத்தன. அந்தக் குஞ்சுகள்தான் இப்போது சேற்றில் இருந்தன.

ஆறாவது வருஷம் ஜூன் மாதம். மதகு வலையில் மரக்கிளை சிக்கியிருக்கிறது என்று வெர்லா பார்க்கப் போனாள். கிளையை இழுத்துப் போட்டுவிட்டுக் கீழே திரும்பியபோது, பாறைத் திருப்பத்துக்கு மேலே, முழங்கால் ஆழத்துக் கூழாங்கல் பரப்பில் தண்ணீர் ஒரே இடத்தில் சலசலத்தது. மெதுவாகப் போய்க் குனிந்து பார்த்தாள்.

இரண்டு விலாங்குகள். ஒன்று வாயால் ஒரு கல்லைக் கவ்விப் பிடித்து, உடம்பை முறுக்கி, பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது. திரும்பி வந்து அடுத்த கல். மற்றது வாலால் மணலை விசிறியது. தட்டு அளவுக்கு ஒரு குழி சுத்தமாக உருவாகியிருந்தது. அவள் நிழல் மேலே விழுந்தும் அவை கண்டுகொள்ளவில்லை. தலைக்குமேல் வேலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி. அதற்கு மேலே இன்னொன்று. வெர்லா தண்ணீரிலேயே நின்று லெனோராவுக்குப் போன் போட்டாள்.

"ஏய், நீங்க இந்த வருஷம் பெருசுங்களக் கொண்டாந்து விட்டீங்களா?"

"இல்லையே. ரெண்டு வருஷமா விடல. ஏன்?"

"அப்ப இதுங்க தானா வந்திருக்கு."

லெனோரா ஒரு மணி நேரத்தில் வர வேண்டிய தூரத்தை நாற்பது நிமிஷத்தில் வந்தாள். பூட்ஸ் போட மறந்து, சாதாரணச் செருப்போடு ஆற்றில் இறங்கினாள். இருவரும் ஆற்றின் இரண்டு பக்கமும் நடந்து எண்ணினார்கள். இருபத்தேழு குழிகள். கடைசிக் குழியில் லெனோரா வெகுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. வெர்லா அதைப் பார்க்காத மாதிரி எதிர்க்கரையைப் பார்த்தாள்.

"என் சித்தி இங்க பிடிச்சிருக்கா, என் அம்மா பிடிச்சிருக்கா" என்றாள் லெனோரா. "நான் பிடிச்சதில்ல. இப்பவும் பிடிக்க மாட்டேன். இருந்துட்டுப் போகட்டும்."

அந்தக் கோடையில் பெரிய அருவியில் பிடித்துச் சுட்ட விலாங்கை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு லெனோரா வெர்லா வீட்டுக்கு வந்தாள். எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. வெர்லா பயந்து பயந்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள். கெட்டியான சதை, நிறையக் கொழுப்பு, கொஞ்சம் புகை வாசனை. அவளுக்கு அது பழக இன்னும் நாள் ஆகும். ஹார்லன் நாலு துண்டு தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டே, "இத்தன வருஷமா நீ ஏம்மா தப்பான மீன் பின்னால அலைஞ்ச?" என்றான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, வெர்லா மடைப் பலகைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் வாய்க்காலின் நீர்க்கட்டி. வாரன் ப்ளெட்சோ என்று பெயர். அவரை அவள் ஒரே ஒரு தடவை விதைக்கடையில் பார்த்திருக்கிறாள்.

"நீங்க ஏதோ ஆறு நாளா மூடறீங்களாமே? எங்க சேத்துலயும் அந்த மாதிரி நெளியுது. நான் போன வாரம்தான் குனிஞ்சு பார்த்தேன். எங்க ஷட்டர் உங்களோடதவிடச் சின்னது. நாளுக்கு எத்தன சுத்து சுத்தலாம்?"

வெர்லா தார் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"போன்ல சொன்னாப் புரியாதுங்க. உங்களுக்கு வடிமதகு எந்த மைல்ல இருக்கு?"

"அஞ்சுல."

"நாளைக்குக் காலையில வர்றேன். ரப்பர் கால்சட்டை இருக்குல்ல? எடுத்து வைங்க. வாளி நான் கொண்டுவர்றேன்."